ஆத்துமாவின் பசிக்கு எதை உண்பது?

நீங்கள் கேட்டிருந்ததன் சாரம் இது. நல்ல வேலை இருக்கிறது, கடன் வாங்கியாவது சொந்த வீடு கட்டியாயிற்று, பிள்ளைகள் படிக்கிறார்கள், ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. ஆனாலும் இரண்டு ஆண்டுகளாக உள்ளே ஒரு வெறுமை. ‘ஆவிக்குரிய ஆகாரம்’ என்று பிரசங்கங்களில் கேட்கிறீர்கள். அது என்ன, அதை எப்படி உண்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சரீரத் தேவைகளுக்காக இத்தனை ஆண்டுகள் ஓடியதுதான் குற்றமோ, அதற்குத் தண்டனையாகத்தான் இந்த வறட்சியோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கிறது.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பயம் நீங்காமல் மற்றவை உங்களுக்குப் பயன்படாது.

சரீரத்தின் பசியைத் தேவன் ஒருநாளும் இழிவாக எண்ணியதில்லை. எலியா தீர்க்கதரிசியின் கதையை ஒருமுறை மெதுவாக வாசித்துப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகு, யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்திற்கு ஓடி, ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்கிறான். தேவதூதன் வருகிறான். பிரசங்கம் செய்யவில்லை, ‘உன் விசுவாசம் எங்கே?’ என்று கேட்கவில்லை. தட்டியெழுப்பி, ‘எழுந்திருந்து புசி’ என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. ‘அடை’ என்றுதான் நம் பழைய வேதாகமத்தில் இருக்கிறது. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கிவிடுகிறான். தூதன் இரண்டாம் முறை எழுப்பி, மறுபடியும் சாப்பிடச் சொல்கிறான். அதன் பிறகு 40 நாள் நடை, ஓரேப் மலை, பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி. இவற்றுக்கெல்லாம் அப்புறம்தான் அந்த மெல்லிய சத்தம்.

அடையும் தூக்கமும் முதலில், சத்தம் பிறகு. நீங்கள் சம்பாதித்தது, வீடு கட்டியது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது எதுவும் ஆவிக்கு விரோதமான செயல் அல்ல. இதோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் வெறுமையோடு தூக்கமின்மையும் பசியின்மையும் சேர்ந்திருந்தால், எலியாவைப் போல ‘போதும்’ என்ற எண்ணம் அடிக்கடி வந்தால், தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். அதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த அடையை அனுப்பியவர் மருத்துவரையும் அனுப்புவார்.

சரி, ‘மனுஷன் அப்பத்தினால் மாத்திரம் அல்ல’ என்ற வசனத்துக்கு வருவோம். பாலைவனத்தில் பிசாசுக்குப் பதிலளித்து இயேசு சொன்னது என்று எல்லாருக்கும் தெரியும். அது அவர் உபாகமம் 8ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துச் சொன்னது. அந்த அதிகாரம் யாருக்குச் சொல்லப்பட்டது? இனி வீடு கட்டப் போகிறவர்களுக்கு. 40 ஆண்டு வனாந்தரத்தில் அலைந்த இஸ்ரவேல் ஜனம் யோர்தானின் இக்கரையில் நிற்கிறது. அக்கரையில் கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், தேன். ‘நீ புசித்துத் திருப்தியாகி, நல்ல வீடுகளைக் கட்டி’ அதில் குடியிருக்கும் காலத்தில் கர்த்தரை மறந்துவிடாதே என்று மோசே கெஞ்சாத குறையாகச் சொல்கிறார். பட்டினி கிடப்பவனிடம் ‘அப்பம் முக்கியமில்லை’ என்று சொல்வதற்கு இந்த வசனத்தை எடுக்கிறவர்கள் அதைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். இது வயிறு நிறைந்தவனுக்கான வசனம்; உங்களுக்கும் எனக்குமானது.

அந்த வசனத்தின் கடைசிச் சொல் தமிழில் அருமையாக அமைந்திருக்கிறது: ‘பிழைக்கிறான்’. பிழைப்பு என்றால் நமக்கு வயிற்றுப்பாடு; வேலை தேடி ஊர்விட்டுப் போகிறவன் ‘பிழைக்கப் போகிறேன்’ என்கிறான். சாவிலிருந்து தப்பியவனையும் ‘பிழைத்துக்கொண்டான்’ என்கிறோம். நீங்கள் முதல் பொருளில் நன்றாகவே பிழைத்திருக்கிறீர்கள். இரண்டாம் பொருளில் பிழைப்பது எப்படி என்பதுதான் உங்கள் கேள்வி.

என் பதிலை ஒரே வரியில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்வியில் ஆவிக்குரிய ஆகாரத்தை ஒரு மருந்தாகப் பார்க்கிறீர்கள். வெறுமை என்ற நோய்க்கு ஒரு வேளை, இரண்டு வேளை, பிறகு குணம். வேதம் அதை மருந்து என்பதைவிட மிக அதிகமாக உணவு என்றே பேசுகிறது. மருந்து நோய்க்கு. உணவு தினத்துக்கு. மருந்து வேலை செய்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருப்போம். உணவை அப்படிக் கவனிப்பதில்லை. சென்ற மாதம் ஐந்தாம் தேதி மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று உங்களால் சொல்ல முடியாது, ஆனாலும் இன்று நடமாடுவது அதனால்தான்.

மன்னாவின் கதை முழுக்க இதுதான். யாத்திராகமம் 16ஐ எடுங்கள். விடியற்காலையில் பனி விலகியதும் தரையில் உறைபனி போலப் பொடிப்பொடியாக ஏதோ கிடக்கிறது. ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்து ‘இது என்ன?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே அதற்குப் பெயராகிவிட்டது. கொத்துமல்லி விதையளவு, வெண்மை நிறம், தேனிட்ட பணியாரத்தின் ருசி. தலைக்கு ஒரு ஓமர் அளவு. நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டு லிட்டர். நாளைக்கென்று எடுத்து வைத்தவர்களின் மன்னா பூச்சி பிடித்து நாற்றமெடுத்தது. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பு. அது ஓய்வுநாள்வரை கெடவில்லை. வெயில் ஏறினால் உருகிப்போகும், அதனால் காலையிலேயே குனிந்து பொறுக்க வேண்டும்.

இதில் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துவது அந்த நாற்றம். மனிதன் சேமிக்கத் தெரிந்தவன். நெல்லைக் குதிரில் போட்டு, பத்தாயத்தில் போட்டு, பஞ்சத்தை வென்றவன். ஆனால் இந்த உணவுக்குக் குதிர் கிடையாது. 20 ஆண்டுகளுக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் கண்ணீர்விட்டு ஜெபித்ததை இன்றைக்கும் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருக்கிற பலரை எனக்குத் தெரியும். அந்த நாள் உண்மை. அந்தக் கண்ணீரும் உண்மை. ஆனால் அது அந்த நாளின் மன்னா. நீங்களும் கல்லூரிக் காலத்தில் ‘ஆண்டவரோடு நெருக்கமாக’ இருந்ததாகவும், அதை மறுபடி பெற வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை விட்டுவிடுங்கள். அன்றைக்குச் சாப்பிட்டு வளர்ந்துவிட்டீர்கள். இன்றைக்கு வேறு ஓமர்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே மன்னா சில காலத்தில் ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. எண்ணாகமம் 11இல் அவர்கள் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். அடிமையாக இருந்த நாட்டின் அடுப்பு வாசனை அவர்களை இழுக்கிறது. அதை நான் கேலியாக வாசிப்பதில்லை. தினமும் ஒரே மாதிரியான, பணிவான, பெரிதாக மணக்காத உணவு. அதற்குப் பக்கத்தில் பூண்டு மணக்கும் நினைவு. நமக்கும் காலையில் கையில் எடுத்தவுடன் கைபேசி மணக்கிறது, வேதாகமம் மணப்பதில்லை. சலிப்பு வந்துவிட்டது என்பதனாலேயே உணவு கெட்டுவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

இப்போது யோவான் 6. நீங்கள் கேட்ட ‘ஜீவ அப்பம்’ வருவது இங்கேதான்.

முந்தின நாள் 5 அப்பமும் 2 மீனும் 5,000 ஆண்களுக்குப் போதுமானதாகி, 12 கூடை மீந்தது. இயேசுவின் உயிர்த்தெழுதலை விட்டால், நான்கு சுவிசேஷங்களிலும் இடம்பெற்ற ஒரே அற்புதம் இதுதான். அவை வாற்கோதுமை அப்பங்கள் என்று யோவான் மட்டும் குறித்து வைத்திருக்கிறார். வாற்கோதுமை ஏழைகள் தின்றது. நம் ஊரில் கேழ்வரகுக் களி மாதிரி. மறுநாள் அதே ஜனங்கள் படகேறி கப்பர்நகூமுக்குத் தேடி வருகிறார்கள். அவர் முகத்துக்கு நேரே சொல்கிறார்: நீங்கள் அப்பம் புசித்துத் திருப்தியானதனால்தான் என்னைத் தேடுகிறீர்கள்.

அவர்களை இழிவாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை. தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொன்ன 1876–78 பெரும்பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானவர்கள் திருச்சபையில் சேர்ந்தார்கள். ‘அரிசிக்காக வந்தவர்கள்’ என்று அவர்களை அன்றும் ஏளனம் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். என் முன்னோர்களில் சிலர் அப்படி வந்தவர்கள்தான் என்று என் குடும்பத்தில் சொல்வார்கள்; சொல்லும்போது குரல் தாழாது. பசித்தவன் சோறு கிடைக்கும் இடத்துக்கு வருவது பாவமா? இயேசுவும் அந்த ஜனங்களை ‘ஏன் சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்கவில்லை, அவர்தானே போட்டார். அப்பத்தோடு நின்றுவிடாதீர்கள் என்பதுதான் அவர் பேச்சு. கஞ்சிக்காக வந்தவர்களின் பிள்ளைகள் எழுத்துக் கற்று, வேதம் வாசித்து, பாட்டு கட்டி, ஊருக்கு உபதேசியார்களும் ஆசிரியர்களும் ஆனார்கள். அப்பத்திலிருந்து ஜீவ அப்பத்துக்கு ஒரு பாதை இருந்தது, அவர்கள் அதில் நடந்தார்கள்.

என்னை வருத்துவது வேறொன்று. வயிறு நிறைந்த நமக்கு இன்று பல மேடைகளில் முந்தின நாளின் அப்பத்தை மட்டுமே மறுபடி மறுபடி வாக்களிக்கிறார்கள். விசா கிடைக்கும், வீடு கிடைக்கும், கடன் தீரும். ஆண்டவர் தரமாட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதோடு கூட்டத்தை அனுப்பிவிடுவது, கப்பர்நகூமுக்குப் போகாமல் படகைத் திருப்பிக் கொள்வதுதான். உங்கள் வெறுமைக்கு இதிலும் கொஞ்சம் பங்கிருக்கும் என்று நினைக்கிறேன்: கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, இனி அவரிடம் கேட்க என்ன இருக்கிறது என்ற இடத்தில் நிற்கிறீர்கள்.

‘ஜீவ அப்பம் நானே’ என்று அவர் சொன்னபோது, ‘நான் அப்பம் தருகிறேன்’ என்பதிலிருந்து பேச்சு மாறிவிட்டது. கொடுக்கிறவரும் கொடுக்கப்படுவதும் ஒன்றாகிவிட்டார்கள். அந்த அதிகாரம் போகப் போகச் சொற்களும் கரடுமுரடாகின்றன. முதலில் ‘புசித்தல்’ என்பதற்கு வழக்கமான கிரேக்கச் சொல். 54ஆம் வசனத்திலிருந்து ‘த்ரோகோ’ என்ற சொல் வருகிறது. கடித்து, மென்று, நொறுக்கித் தின்பது என்று பொருள். நம் மொழிபெயர்ப்பில் இரண்டும் ‘புசிக்கிறவன்’ என்றே நின்றுவிட்டதால் அந்த மாற்றம் நமக்குத் தெரிவதில்லை. கேட்டவர்களில் பலர் ‘இது கடினமான உபதேசம்’ என்று போய்விட்டார்கள். அவர் அதை இலேசாக்கவில்லை. கத்தோலிக்க மரபும் கிழக்கத்திய மரபும் இதில் நற்கருணையைப் பார்க்கின்றன; சீர்திருத்தச் சபைகள் விசுவாசத்தைப் பார்க்கின்றன; ‘விசுவாசி, நீ புசித்தாயிற்று’ என்று அகஸ்டின் இதற்கு விளக்கம் சொன்னார். அந்த வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் மெல்ல வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

அப்படியானால் எப்படி மெல்வது? சங்கீதம் 1, கர்த்தருடைய வேதத்தில் இரவும் பகலும் ‘தியானமாயிருக்கிற’ மனிதனைப் பாக்கியவான் என்கிறது. தியானம் என்றதும் நமக்குக் கண்மூடி, அசையாமல், மௌனமாக இருக்கும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். எபிரெயத்தில் அங்கே இருக்கும் சொல் ‘ஹாகா’. முணுமுணுத்தல் என்று அதற்குப் பொருள். ஏசாயா 31:4இல் சிங்கம் இரையின்மேல் நின்று உறுமுவதற்கு இதே சொல்தான். ஏசாயா 38இல் எசேக்கியா ராஜா தன் நோயில் புறாவைப் போலப் புலம்பினேன் என்பதற்கும் இதே சொல்தான். ‘இந்தப் புஸ்தகம் உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக’ என்று யோசுவாவுக்குச் சொல்லப்பட்டதைக் கவனியுங்கள்: வாயைவிட்டு. எனவே வேதத்தில் தியானம் என்பது வாயின் வேலை. வசனத்தை வாய்க்குள் போட்டு, உதடு அசைய, விடாமல் உறுமிக்கொண்டிருப்பது.

எங்கள் பாட்டி இதை ஒருவரிடமும் கற்கவில்லை. உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியாக ஒரு மண் கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை என்போம். அந்தக் கை கலயத்துக்கு மேல் போகும்போதெல்லாம் உதடு அசையும்: ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்.’ பரமண்டல ஜெபம் முழுவதும் இல்லை. அந்த ஒரு வரி மட்டும். சிறுவனாக நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மாதக் கடைசியில் அரிசிப் பானையில் படி தட்டும் சத்தம் கேட்கும் நாட்களும் உண்டு. அன்றைக்குப் பாட்டி உள்ளங்கை நிறைய எடுக்கமாட்டார்கள். ஐந்து விரல் நுனியால் ஒரு சிட்டிகை எடுப்பார்கள். ஆனால் எடுக்காமல் விட்டதை நான் பார்த்ததே இல்லை. உதடு அசையாமல் விட்டதையும் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு இரண்டு உலை, 50 ஆண்டு என்று வையுங்கள். ஒரே வரியை 36,000 தடவைக்கு மேல் மென்றிருக்கிறார்கள். அந்த வரி அவர்களுக்குள் என்னவாகியிருக்கும் என்று இப்போதுதான் நான் யோசிக்கிறேன். தாத்தா இறந்த அன்று வீடு முழுக்கக் கலங்கிக் கிடந்தபோது, பாட்டி மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதே வரியை மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுப்பு பற்றவைக்காத நாளில்கூட அந்த வரி வாயில் இருந்தது.

12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மலைகளில் கார்த்தூசிய மடத்தின் தலைவராக இருந்த இரண்டாம் கீகோ என்ற துறவி, இதே காரியத்தைச் சாப்பாட்டின் மொழியில்தான் விளக்கினார். வாசிப்பது உணவை வாயில் வைப்பது; தியானிப்பது அதை மென்று பொடியாக்குவது; ஜெபிப்பது அதன் சுவையைப் பிழிந்தெடுப்பது; இறைவனில் அமர்ந்திருப்பது அந்த இனிப்பே ஆவது. ‘இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள்’ என்ற ஒரே வசனத்தை ஒரு திராட்சைப் பழம் போல வாயில் போட்டுக் காட்டினார். அந்த மடங்களில் இதற்கு வழங்கிய இலத்தீன் சொல்லுக்கு அசைபோடுதல் என்று பொருள். மாடு மேய்ந்ததை நிழலில் படுத்து மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்கிறதே, அதுதான். நாம் மேய்கிறோம், அசைபோடுவதில்லை. நீங்கள் ஓராண்டில் முழு வேதாகமத்தையும் வாசித்து முடிக்கும் அட்டவணையைப் பின்பற்றுவதாக எழுதியிருந்தீர்கள். நல்லதுதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அது மேய்ச்சல். புத்தாண்டு இரவில் ஒரு வாக்குத்தத்த அட்டை, காலையில் கைபேசியில் ஒரு வண்ணப்பட வசனம் என்பது அதுகூட இல்லை. ஊறுகாயை மட்டும் தொட்டு நக்கிவிட்டு வயிறு ஏன் நிறையவில்லை என்று கேட்பது.

ஜெர்மனியில் ஹிட்லர் காலத்தில் திருச்சபைக்குள் எதிர்த்து நின்றவர்களுக்காக ஃபிங்கன்வால்ட் என்ற இடத்தில் டீட்ரிக் பான்ஹாஃபர் 1935இல் ஓர் இறையியல் பள்ளியை நடத்தத் தொடங்கினார். 1937இல் கெஸ்டபோ காவல்துறை அதை மூடியது. அங்கே ஒவ்வொரு மாணவரும் தினம் அரை மணி நேரம் தனியாக ஒரு சிறு வேதப்பகுதியோடு உட்கார வேண்டும். ஒரு வாரம் முழுவதும் அதே பகுதி. விளக்கவுரை பார்க்கக் கூடாது, பிரசங்கக் குறிப்பு எடுக்கக் கூடாது. மாணவர்கள் முணுமுணுத்தார்கள், சிலருக்குத் தூக்கம் வந்தது, சிலருக்கு மனம் அலைந்தது. அவர் விடவில்லை. வெளியே சிறையும் போரும் காத்திருந்தன. பிள்ளைகளைப் பட்டினியாக அனுப்ப அவருக்கு மனமில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

நீங்கள் அரை மணி நேரத்தில் தொடங்க வேண்டாம். பத்து நிமிடம் போதும். ஒரு சங்கீதம், அல்லது யோவான் 6இல் நான்கு வசனம். வாய்விட்டு, மெதுவாக, இரண்டு முறை. எந்தச் சொல் தொண்டையில் தங்குகிறதோ அங்கே நின்றுவிடுங்கள். அந்தச் சொல்லை ஜெபமாக்குங்கள். அது புரியவில்லை என்றால் புரியவில்லை என்பதையே ஜெபமாக்குங்கள். பிறகு பஸ்ஸிலோ அலுவலகத்திலோ அதை இரண்டொரு முறை உதட்டில் கொண்டுவாருங்கள். அடுத்த நாளும் அதே பகுதி. ஒரு வாரம் முடிந்தபின் அடுத்தது. ‘எதுவும் தோன்றவில்லையே’ என்று பத்தாம் நாள் தோன்றும். தோன்றட்டும், விடாதீர்கள்.

இந்த ‘எதுவும் தோன்றவில்லை’ என்பதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் வேதனையின் நடுவே இருப்பது இதுதான்.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த புனித சிலுவை யோவான், 1577 டிசம்பரில் தன் சொந்தச் சபைத் துறவிகளாலேயே பிடிக்கப்பட்டு, தொலேதோ நகரில் ஒரு சிறு அறையில் எட்டு மாதத்துக்கு மேல் அடைக்கப்பட்டிருந்தவர். ஆத்துமாவின் இருண்ட இரவைப் பற்றி அவரைப் போல எழுதியவர்கள் குறைவு. அந்த இரவை விளக்க அவர் எடுத்த உவமை ஒரு தாய். குழந்தை வளர்ந்ததும் தாய் தன் மார்பில் கசப்பான கற்றாழைச் சாற்றைப் பூசி, குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி, காலால் நடக்க விடுகிறாள். இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. நம் வீடுகளில் பால் மறக்கடிக்க வேப்பிலையை அரைத்துப் பூசுவார்கள். அதே கசப்பு, அதே காரணம். குழந்தை அழுகிறது, தாய் தன்னை வெறுத்துவிட்டாள் என்று நினைக்கிறது. தாயோ அடுக்களையில் அதற்குச் சோறு குழைத்துக்கொண்டிருக்கிறாள்.

பேதுரு தன் நிருபத்தில் புதிய விசுவாசிகளைக் ‘களங்கமில்லாத ஞானப்பாலின்மேல்’ வாஞ்சையாயிருக்கச் சொல்கிறார். எபிரெயர் நிருபமோ பாலையே குடித்துக்கொண்டிருப்பவர்களைக் கடிந்துகொண்டு பலமான ஆகாரத்துக்கு வரச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கசப்பான காலம் உண்டு. 131ஆம் சங்கீதக்காரன் அதைக் கடந்து வந்தவன்: ‘தாயின் பால்மறந்த குழந்தையைப்போல’ என் ஆத்துமா அமர்ந்திருக்கிறது என்கிறான். பால் குடிக்கிற குழந்தை மடியில் இருப்பது பாலுக்காக. பால் மறந்த குழந்தை மடியில் இருப்பது தாய்க்காக. உங்கள் கல்லூரிக் காலத்து இனிமை போனதற்கு இது காரணமாக இருக்கலாம். நிச்சயம் இதுதான் என்று தூரத்திலிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ருசி போனது உணவு போனதற்கு அடையாளம் அல்ல என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். 1997இல் மறைந்த அன்னை தெரசாவின் அந்தரங்கக் கடிதங்கள் 2007இல் வெளியானபோது உலகமே திகைத்தது. பல பத்தாண்டுகள் தேவனுடைய பிரசன்னத்தை உணராத வறட்சியில் அவர் வாழ்ந்திருக்கிறார். அதே ஆண்டுகளில் தினமும் அதிகாலையில் நற்கருணைக்கு வந்து முழங்காலிட்டு, பிறகு கல்கத்தாவின் தெருவுக்குப் போயிருக்கிறார். எதை உண்டு அவர் நடந்தார்? உணர்ச்சியை அல்ல.

நான் இதுவரை சொன்னது தனியாக உண்பதைப் பற்றி. வேதத்தில் தனிச் சாப்பாடு குறைவு. பரமண்டல ஜெபத்தில் ‘எனக்கு’ என்ற சொல்லே கிடையாது, ‘எங்களுக்கு’ என்றுதான் இருக்கிறது. கொரிந்துச் சபையில் பணக்காரர்கள் முன்னதாக வந்து சாப்பிட்டுவிட, வேலை முடித்துத் தாமதமாக வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். அதற்குப் பவுல் எழுதியதைப் படியுங்கள்: நீங்கள் கூடிவந்து செய்வது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்கிறார் (1 கொரிந்தியர் 11). அப்பம் இருந்தது, திராட்சரசம் இருந்தது, ஜெபமும் இருந்திருக்கும். பக்கத்தில் ஒருவன் பசியாயிருந்தான். அதனால் அது திருவிருந்தாகவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அசனம் என்று ஒன்று உண்டு. தெற்கே உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பண்டிகையின்போது வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் சேர்த்து, ஆலய வளாகத்தில் அடுப்பு வெட்டி, அண்டாக்களில் சோறும் குழம்பும் ஆக்கி, ஊரே சேர்ந்து சாப்பிடும். புதுப் பாயின்மேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வடித்த சோற்றை ஆவி பறக்கக் குவிப்பார்கள். ஆயர் வந்து அந்தச் சோற்றுக் குவியலின் முன் நின்று ஜெபிப்பார். பிறகு பந்தி. சாதியும் பணமும் அந்தப் பந்தியில் முற்றிலும் மறைந்துவிடுகின்றன என்று நான் பொய் சொல்லமாட்டேன். மறையாத ஊர்களையும் பார்த்திருக்கிறேன், பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன். ஆனால் மறைந்த ஒரு பந்தியிலாவது உட்கார்ந்தவனுக்கு, சரீர ஆகாரம் எங்கே முடிந்து ஆவிக்குரிய ஆகாரம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போடத் தெரியாது. படுக்கையிலிருந்து எழ முடியாதவர்களின் வீட்டுக்குத் தூக்குவாளியில் சோறு போகும். சிறுவனாக அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போனபோது கைப்பிடி சுட்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

சமாரியாவின் சீகார் ஊரில், சீஷர்கள் உணவு வாங்கி வந்து ‘ரபீ, சாப்பிடும்’ என்றபோது, தம்மை அனுப்பினவரின் சித்தத்தைச் செய்வதே தம் போஜனம் என்றார் இயேசு. அவர் அப்போது செய்துகொண்டிருந்தது என்ன? நடுப்பகலில் கிணற்றுக்குத் தனியாக வந்த ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். ஏசாயா 58ஆம் அதிகாரமும் இதையே சொல்கிறது: பசியுள்ளவனிடத்தில் உன் ஆத்துமாவைச் சாய்த்தால், மகா வறட்சியான காலங்களிலும் கர்த்தர் உன் ஆத்துமாவைத் திருப்தியாக்குவார். உங்கள் கடிதம் முழுவதிலும் பிறர் யாரும் வரவில்லை என்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கவனித்ததைச் சொல்கிறேன். வீடு கட்டி முடித்திருக்கிறீர்களே, அந்த மேசைக்கு இந்த மாதம் யாரையாவது சாப்பிடக் கூப்பிடுங்கள். தனியாக வசிக்கும் ஒரு முதியவர், விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பையன், எவராக இருந்தாலும் சரி. வேதப்பாடம் நடத்த வேண்டாம், பரிமாறுங்கள்.

உங்கள் மனைவிக்கு ஜெபத்தில் அவ்வளவு ஈடுபாடில்லை, வீட்டில் எப்படித் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். பெரிதாக எதுவும் தொடங்க வேண்டாம். உபாகமம் 8:10இல் ஒரு கட்டளை இருக்கிறது: நீ புசித்துத் திருப்தியடைந்திருக்கையில் கர்த்தரை ஸ்தோத்திரி. இதை வைத்துத்தான் யூதர்கள் இன்றுவரை சாப்பிட்ட பிறகும் நீண்ட ஸ்தோத்திர ஜெபம் சொல்கிறார்கள். நாம் சாப்பாட்டுக்கு முன் அவசரமாகக் கண்ணை மூடித் திறக்கிறோம். பசியில் சொல்கிற நன்றி அது. வயிறு நிறைந்தபின் சொல்கிற நன்றி வேறு ருசி. இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும், தட்டை எடுப்பதற்கு முன், எச்சில் கை காய்கிற அந்த இரண்டு நிமிடம் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருங்கள். நீங்கள் காலையில் மென்ற அந்தச் சொல்லை மட்டும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் எழுந்து கை கழுவப் போங்கள்.